பழைய காரை வாங்கிப் புதுப்பிக்கலாமா? முன்பணம் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

திருவனந்தபுரம்: தலைநகரில் இருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் உள்ளது வித்துரா. அங்கிருந்து கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு காலத்தில் இந்தச் சாலையில் ஏறி இறங்கியவை அம்பாசிடர்களும் தோட்டங்களின் ஜீப்புகளும்தான். இன்று அவற்றில் பல, வீட்டுப் பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய் மூடி நிற்கின்றன. "ஓடிக்கொண்டிருந்த வண்டிதான், சும்மா நிற்கிறது" என்று உரிமையாளர் சொல்லும்போது, பழைய கார் மீது ஆசை கொண்டவரின் கை சட்டைப் பையை நோக்கிப் போவது இயல்பு.

கேட்கப்படும் விலை பெரும்பாலும் ஒரு புதிய இருசக்கர வாகனத்தின் விலையைச் சுற்றியே இருக்கும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். பழைய காரைப் புதுப்பிப்பதில் வாங்கும் விலை என்பது மொத்தச் செலவின் சிறு பகுதி. தகடு, இன்ஜின், பிரேக், பெயிண்ட், இருக்கைத் தையல், ஆவணங்கள் என வரிசையாக வரும் செலவுகளே உண்மையான விலை. அந்த விலையை முன்பணம் கொடுப்பதற்கு முன் மதிப்பிட முடியுமா என்றால், பெருமளவு முடியும். அதற்கு இன்ஜினில் இருந்து தொடங்காமல் ஆர்.சி. புத்தகத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

முதலில் காகிதம், பிறகு கார்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, தனிப்பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கொட்டகையில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புதுப்பிப்பு எப்போதோ நின்றுபோயிருக்கும். வரி நிலுவையும் சேர்ந்திருக்கும். இவை பணம் கட்டித் தீர்க்கக்கூடியவை. ஆனால் பதிவே ரத்து செய்யப்பட்டிருந்தால், அல்லது சேஸிஸ் எண் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், அந்தக் கார் எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கப்பட்டாலும் சாலைக்கு வர முடியாது. அதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரின் பேச்சை நம்பி வாங்குவது, கார் வாங்குவதாகாது, வழக்கு வாங்குவதாகும்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. கணினிமயமாவதற்கு முன் பதிவான வாகனங்கள் பலவற்றின் விவரம் 'வாகன்' தரவுத்தளத்தில் ஏறியிருக்காது. எம்-பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் எதுவும் வராது. இதனால் மட்டும் வாகனம் போலி என்றாகிவிடாது. பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் இருந்து விவரத்தைத் தேடி எடுத்து ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேடு கிடைக்கிறதா என்பதை விற்பவரே அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்து தர வேண்டும் என்று நிபந்தனை போடுவது நல்லது. மூன்றெழுத்துப் பழைய எண் கொண்ட கார்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

உரிமையாளர் இறந்துபோன கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மலையோரங்களில் நிற்கும் கார்களில் இத்தகையவை ஏராளம். தாத்தா பெயரில் உள்ள வண்டியைப் பேரன் விற்க முன்வருவார். முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றம் நடக்க வேண்டும், அதற்குப் படிவம் 31. மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவைப்படும். அதன் பிறகே 29, 30 ஆகிய படிவங்களின் மூலம் வாங்குபவரின் பெயருக்கு மாற்ற முடியும். வெளிநாட்டில் ஒரு வாரிசு, பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு வாரிசு என்று இருந்தால், காரைப் புதுப்பிக்கும் காலத்தைவிட இது நீளும்.

கன்னியாகுமரி, தென்காசி மாவட்ட வாசகர்கள் எல்லை தாண்டிச் சென்று கேரளத்தில் கார் வாங்குவது புதிதல்ல. அவ்வாறு வாங்கினால் பதிவு செய்த அலுவலகத்தில் இருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்டி, புதிய எண் பெற வேண்டும். 'கே.எல்.' எண்ணிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு 12 மாதங்களே வரம்பு. ஓடும் நிலையில் இல்லாத காரை லாரியில் ஏற்றிக் களியக்காவிளை வழியே கொண்டுவந்துவிட்டு, பிறகு சான்றுக்காகத் திரும்பத் திரும்ப நெடுமங்காடு அலுவலகத்துக்கு அலைவதைவிட, சான்று கைக்கு வந்த பின் காரை எடுப்பதே வசதி.

50 வயதானால் தனிச் சலுகை

பழைய கார், விண்டேஜ் கார் என்ற இரண்டையும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டுகள் கடந்த, தனிப்பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே 'விண்டேஜ்'. அவையும் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இன்றி மூல வடிவில் இருக்க வேண்டும். புதிதாக இப்பிரிவில் பதிவு செய்ய ரூ.20,000, பின்னர் மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிய எண்களில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வாகனம் தன் பழைய எண்ணைத் தக்க வைத்துக்கொள்ளலாம் என்பதே சேகரிப்பாளர்களை மகிழ்வித்த அம்சம்.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பொன்முடிக்கு ஏறுவதுதான் கனவு என்றால், வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே பொருத்தம்.

அந்த வழியும் மலிவானதல்ல. 15 ஆண்டுகள் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-ல் இருந்து ரூ.5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டுகள் கடந்த இலகுரக மோட்டார் வாகனங்களுக்கு ரூ.10,000 என்றும், இறக்குமதியான கார்களுக்கு ரூ.80,000 என்றும் உயர்த்தப்பட்டது. இதற்கு மேல் கேரளத்தில் 15 ஆண்டுகள் கடந்த தனியார் கார்களுக்கான வரி 2025-26 நிதிநிலை அறிக்கையில் 50 சதவீதம் கூட்டப்பட்டது. பழைய வாகனம் வைத்திருப்பதை அரசு தடை செய்யவில்லை, அதே நேரம் ஊக்குவிக்கவும் இல்லை என்பது இந்த எண்களில் தெரிகிறது.

டெல்லியில் நிலைமை வேறு. 10 ஆண்டுகள் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வாகனங்களும் தலைநகர வலயத்தில் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றமும் வழிமொழிந்தது. அதனால் அங்கிருந்து தெற்கே மலிவாக வரும் கார்கள் உண்டு. வாங்குபவர் தடையில்லாச் சான்று உள்ளதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது, பதிவு உயிரோடு இருக்கும்போது பெறப்பட்ட சான்றா என்பதையும் பார்க்க வேண்டும்.

துரு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் பகுதி வித்துரா. காடு சூழ்ந்த ஈரக்காற்று, மண் தரைக் கொட்டகை, பத்து ஆண்டு நிறுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தகடு தாங்காது. துரு இல்லாத பழைய கார் இங்கே கிடைக்காது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் வாங்கலாமா, விடலாமா என்பதைத் தீர்மானிக்கும்.

இங்கே காரின் அமைப்பைப் புரிந்துகொள்வது அவசியம். ஜீப்பிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. பாடி அதன் மீது போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது. பாடித் தகடு எவ்வளவு அரித்திருந்தாலும், சேஸிஸ் உறுதியாக இருந்தால் கழற்றி எடுத்துச் சரிசெய்துவிடலாம். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அப்படியல்ல. அவற்றில் பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்தில் இருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற தகடு, தரைத்தகடு, பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடம், முன்புற சஸ்பென்ஷன் தாங்கும் பகுதி ஆகியவை அரித்திருந்தால் கார் தன் எடையையே சரியாகத் தாங்காது. முன்பக்கம் டார்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பிகளைக் கொண்ட அம்பாசிடரில், அந்தக் கம்பிகளின் பின்முனை பொருந்தும் இடத்தைக் குனிந்து பார்க்காமல் யாரும் விலை பேசக் கூடாது.

பார்ப்பதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மீது நகர்த்த வேண்டும். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். முன்கதவைத் திறந்து, கதவின் முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீல் தேய்மானம் என்றால் கதவு மட்டும் ஆடும். கீல் பொருந்திய தூணே அசைந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. நான்கு கதவுகளின் இடைவெளியும் சீராக உள்ளதா என்று தள்ளி நின்று பார்த்தால், முன்பு மோதியதா, பாடி தொய்ந்துவிட்டதா என்பது தெரியும். தரை விரிப்பை உயர்த்த உரிமையாளர் தயங்கினால், அந்தத் தயக்கமும் ஒரு தகவல்தான்.

புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்தப்பட்ட கார், பெயிண்ட் உதிர்ந்து துரு தெரியும் காரைவிட ஆபத்தானது. துரு தெரிந்தால் செலவை மதிப்பிடலாம். பெயிண்ட்டுக்கு அடியில் உள்ளதை மதிப்பிட முடியாது.

இன்ஜின் பயமுறுத்தும், ஆனால் ஏமாற்றாது

கார் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "ஸ்டார்ட் ஆகிறதா?" என்பதையே. உண்மையில் இந்தியப் பழைய கார்களின் இன்ஜின்கள்தான் அவற்றின் எளிய பகுதி. அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவன வடிவமைப்பு. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே குடும்பம். பத்மினியின் 1,089 சிசி இன்ஜின், இத்தாலியின் ஃபியட் 1100 வழி வந்தது. போரிங் செய்து, ஸ்லீவ் இறக்கி, கிராங்க் கடைந்து கொடுக்கத் தெரிந்த லேத் பட்டறைகள் நாகர்கோவில் முதல் கோவை வரை இன்னும் உள்ளன.

பல ஆண்டுகள் ஓடாத இன்ஜினைப் பேட்டரி இணைத்து உடனே சுழற்றுவது தவறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு, ஒரு நாள் கழித்துக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழன்றால் நல்ல செய்தி. ஓடும் இன்ஜின் என்றால் கம்ப்ரஷன் அளவியை வைத்து நான்கு சிலிண்டர்களையும் சோதிக்கலாம். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் திறந்து பார்க்கும் வேலை இருக்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் கசடு இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது.

பெட்ரோலே இப்போது ஒரு செலவாகிவிட்டது. நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊதச் செய்யும் அல்லது கடினமாக்கும், கார்புரேட்டரின் உலோகப் பாகங்களை அரிக்கும். 1960-களில் செய்த காரின் பெட்ரோல் குழாய், பம்ப் டயாபிரம், கார்க் கேஸ்கட் ஆகியவை இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை எத்தனால் தாங்கும் பொருட்களாக மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் கசியும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மீது சொட்டும் இடத்தில்தான் பல பழைய கார்களின் குழாய் அமைந்திருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் காரில் பெட்ரோலை விட்டுவைப்பதும் கூடாது.

இதே போன்ற இன்னொரு மாற்றம் 2000-ல் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அவ்வாண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பழைய இன்ஜின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஈயமே பாதுகாப்பாக இருந்தது. அதற்கு முன்பே நிறுத்தப்பட்ட காரை இப்போது எழுப்பினால், ஹெட்டைத் திறக்கும் வேலையோடு சேர்த்துக் கடின உலோக வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவது சிக்கனம்.

அம்பாசிடரில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று, உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்பது. வாடகைக்கு ஓடிய எத்தனையோ பெட்ரோல் அம்பாசிடர்களில் பிற்காலத்தில் டீசல் இன்ஜின் மாட்டப்பட்டது. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாவிட்டால் தகுதிச் சோதனையில் நிற்கும். வாகனத்தின் மூல வடிவை மாற்றுவது குறித்த விதியை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்புடன் உறுதி செய்தது. அந்த வழக்கு கேரளத்தில் இருந்தே சென்றது. தோட்டங்களில் ஓடிய ஜீப்புகளுக்கும் இது பொருந்தும். ஒன்றின் சேஸிஸ், இன்னொன்றின் பாடி, மூன்றாவதன் இன்ஜின் என்று ஒட்டுப்போட்டு ஓட்டியவை அவை.

22 வளைவுகளும் ஒரே பிரேக் குழாயும்

புதுப்பிப்புச் செலவில் எங்கே சிக்கனம் காட்டினாலும் பிரேக்கில் காட்டக் கூடாது. 1960, 70-களின் அம்பாசிடர், பத்மினி ஆகியவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அவை அனைத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் இணைப்பு. இன்றைய கார்களில் ஒரு குழாய் வெடித்தாலும் மற்றொரு இணைப்பு வேலை செய்யும். பழைய காரில் ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்து திரவம் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் பிரேக் இன்றிப் போகும். பொன்முடியில் இருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள், ரப்பர் குழாய்கள், லைனிங் அனைத்தையும் புதிதாக மாற்றும் செலவை, கார் பார்க்கப் போகும்போதே கணக்கில் எழுதிவிட வேண்டும். 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று விடக்கூடிய வேலை அல்ல இது.

டயரும் அவ்வாறே. பட்டன் தேயாமல் இருந்தாலும், பத்து ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். ஸ்டியரிங் ஆட்டம், ஹேண்ட் பிரேக், விளக்கு வயரிங் ஆகியவையும் இதே பட்டியலில் வருகின்றன. வயரிங்கை எலி கடித்திருக்கும் என்பதை எடுத்துக்கொண்டே தொடங்கலாம்.

எந்தக் கார் என்பதில் பாதி முடிவு

இன்ஜின் உதிரிபாகம் கிடைக்கும், கண்ணாடி கிடைக்காது. பழைய கார் வாங்கிய பலர் காலம் தாழ்த்தி அறியும் உண்மை இதுவே. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து கொள்ளலாம், பிஸ்டனை வரவழைக்கலாம். ஆனால் பின்கண்ணாடி, கதவுக் கைப்பிடி, குரோம் பட்டை, மீட்டர் பெட்டி, பெயர்ப்பலகை எழுத்துகள் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும். எனவே ஓடாத, ஆனால் முழுமையாக உள்ள கார், ஓடுகிற, ஆனால் பாதிப் பாகங்கள் காணாமல்போன காரைவிட மேலானது.

இந்தக் கோணத்தில் முதல் முறை வாங்குபவருக்கு அம்பாசிடரே எளிது. 1950-களின் பிற்பகுதியில் இருந்து 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான கார் அது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவிய வடிவம் பெரிய மாற்றமின்றி நீடித்ததால், ஒரு மாடலின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் வாய்ப்பு அதிகம். சென்னை புதுப்பேட்டையிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் அதன் பாகங்கள் இன்னும் புழங்குகின்றன. 1990-களின் தொடக்கத்தில் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் கொண்ட மாடல், மலைச்சாலைக்கு ஏற்றது. ஆனால் அது விண்டேஜ் தகுதி பெற 2040-களாகும்.

பத்மினியின் நிலை சற்றுக் கடினம். மும்பையின் கருப்பு மஞ்சள் டாக்சிகளாக அவை ஓடியவரை உதிரிபாகச் சந்தை உயிரோடு இருந்தது. கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் வயது வரம்பை எட்டி விடைபெற்றது. மும்பையில் கழிக்கப்பட்ட டாக்சிகளின் பாகங்கள் இருக்கும்வரை சமாளிக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் தயாரானது. முன்பக்கத் தகடு முழுவதும் முன்னோக்கித் திறந்துகொள்வதால் இன்ஜினில் வேலை செய்வது வசதி. பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு பிரியர்கள் ஏராளமாக இருப்பதால் இயந்திரப் பாகங்கள் பல அங்கே இன்றும் புதிதாகவே தயாராகின்றன. ஆனால் 1968-ல் வந்த நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கே உரியது. பிரிட்டனில் அப்படி ஒன்று விற்கப்படவில்லை. ஆகவே அதன் பின்கதவு நசுங்கியிருந்தால், இன்னொரு சென்னை ஹெரால்டு கழிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது கைத்தேர்ச்சி மிக்க டிங்கரிடம் தகட்டைத் தட்டி உருவாக்கித் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்ச்சி உள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாருதி 800-ஐப் பழைய கார் என்று சொல்லப் பலருக்கு இன்னும் மனம் வருவதில்லை. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி கையால் முதல் காரின் சாவியைப் பெற்றவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். அவர் 2010-ல் மறைந்த பின் அந்தக் கார் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்தது. பின்னர் நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் வைத்துள்ளது. அசல் பாகங்களைத் தேடித் தரத் தயாரிப்பாளரே முன்வந்த அரிய நிகழ்வு அது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

விற்றால் திரும்ப வருமா?

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஒரு காரை ரூ.1 லட்சத்துக்கு வாங்குவதாகக் கொள்வோம். டிங்கரிங், பெயிண்ட் இரண்டுக்கும் பட்டறை ரூ.2 லட்சம், இன்ஜின், பிரேக் வேலைக்கு ரூ.1 லட்சம், தையல், வயரிங், டயர், ஆவணங்களுக்கு மற்றுமொரு லட்சம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.5 லட்சம். பாடியைக் கழற்றிய பின் தெரியவரும் துருவுக்காக மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ரூ.6.5 லட்சத்தைத் தாண்டும். இப்போது அதே மாடல், ஏற்கெனவே நன்றாகப் புதுப்பிக்கப்பட்டு, ஆவணங்களோடு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அது ரூ.4 லட்சத்துக்குக் கிடைத்தால், கொட்டகைக் காரை வாங்குபவர் ரூ.2.5 லட்சத்தை அனுபவத்துக்காகச் செலவிடுகிறார் என்று பொருள். அது தவறல்ல. தெரிந்து செலவிட வேண்டும், அவ்வளவே. கடன் வாங்கி, பின்னர் லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் இறங்குபவர்களுக்கே இது ஆபத்து. உற்பத்தி அதிகம் இருந்த மாடல்கள் அவ்வளவு வேகமாக விலை ஏறுவதில்லை.

விலை ஏறுவது அரிதான கார்களுக்கும், வரலாறு உள்ள கார்களுக்கும்தான். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல பத்தாண்டுகள் பயன்படுத்திய 1950-களின் மெர்சிடஸ் பென்ஸ் கார், 'கேன் 42' என்ற அதன் எண்ணாலேயே திருவனந்தபுரத்தில் அறியப்படுகிறது. அதன் மதிப்பில் தகட்டின் பங்கு குறைவு. சாதாரணக் குடும்பத்தின் அம்பாசிடருக்கும் இது சிறு அளவில் பொருந்தும். முதல் உரிமையாளரின் ரசீது, பழைய வரி வில்லைகள், சர்வீஸ் புத்தகம், அந்தக் கார் முன் நின்று எடுத்த குடும்பப் புகைப்படம் ஆகியவற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவற்றை அவர்கள் இலவசமாகவே தந்துவிடுகிறார்கள்.

சொந்தத் தாத்தாவின் காரைப் புதுப்பிப்பவருக்கு மேற்கண்ட கணக்கு பொருந்தாது. அவர் ஒப்பிட வேண்டிய சந்தை விலை என்று ஒன்று இல்லை. ஆனாலும் பாடித் துரு, பிரேக் பற்றிய எச்சரிக்கைகள் அவருக்கும் உண்டு.

வாங்குவது என்று முடிவானால் பட்டறையோடு பேசும் முறையும் முக்கியம். மொத்தமாக ஒரு தொகை பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கார்களே பட்டறை வாசலில் புல் முளைத்து நிற்கின்றன. தகட்டு வேலை முடிந்ததும் ஒரு பகுதி, பிரைமர் அடிக்கும் முன் நேரில் பார்த்து ஒரு பகுதி, இன்ஜின் ஓடியதும் ஒரு பகுதி என்று எழுதிவைத்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, போல்ட், நட்டுகளைத் தனித்தனிப் பைகளில் பெயர் எழுதிப் போட்டுவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவற்றை நினைவில் இருந்து பொருத்த யாராலும் முடியாது.

காலக்கணக்கும் மழையைப் பொறுத்தது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பெயிண்ட் அடித்தால் மேற்பரப்பில் வெண்மை படரும், அடியில் சிக்கிய ஈரம் பின்னர் கொப்புளமாக எழும். வித்துரா போன்ற இடத்தில் அந்த வேலைக்கு உகந்த மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரையே. ஜூனில் காரை வாங்குபவர், மழைக்காலம் முழுவதையும் ஆவணங்களுக்கும் இன்ஜினுக்கும் ஒதுக்கி, தகட்டு வேலையை நவம்பர் இறுதிக்குள் முடித்துக்கொண்டால், அடுத்த கோடை மழை தொடங்குவதற்கு முன் பெயிண்ட் காய்ந்துவிடும்.